திருமண நிலை: ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

மெர்னா ஸ்கல்லியனுக்கு இந்த உலகத்தில் பயம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். படிவம். ஒரு வசந்த காலத்தில் கரடி வந்து கொல்லைப்புறக் குப்பைத்தொட்டியை உருட்டியபோது துடைப்பத்தோடு போய் அதட்டி விரட்டியவள் அவள். அந்தக் கரடி வெட்கப்பட்டு மாகாணத்தை விட்டே போய்விட்டது என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். ஆனால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, மூலையில் ஓர் எண்ணோடு ஒரு தாள் தபாலில் வந்துவிட்டால் போதும். கை உதறும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், அடுப்பில் பால் பொங்கி வழிந்து தெருமுனை வரை ஓடினாலும் அவளுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் அவள் பிழைப்பே காகிதத்தில்தான். ஒஹாயோவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் தலையணை தலையணையாகப் புத்தகம் போடும். எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அவற்றின் கடைசியில் பட்டியல் ஒன்று இருக்குமே, அந்தச் சொல்லடைவைத் தயாரிப்பவள் மெர்னா. எழுநூறு பக்கத்தில் எங்கோ ஒரு கால்வாய்க் காவலாளியின் மைத்துனன் ஒரே ஒரு முறை இருமிவிட்டுப் போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. வேலை அமெரிக்காவுக்கு, கூலி அமெரிக்க டாலரில், உட்கார்ந்திருப்பது மட்டும் ஆற்றுக்கு இந்தப் பக்கம், செயின்ட் ஸ்டீபனில், கனடாவில். ஆகவே இரண்டு அரசாங்கங்களும் அவளை மாறி மாறி, 'நீ யார், எங்கே தூங்குகிறாய், எவ்வளவு சம்பாதிக்கிறாய்?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி வந்தவன் அவள் கணவன் வெண்டல். சுங்கத் தரகர் ஒருவரின் அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். படிவங்கள் அவனைக் கண்டால் வாலாட்டும். ஒவ்வொரு காசோலையும் வந்த நாளில் டாலரின் மதிப்பு என்ன என்று நான்கு தசமம் வரை எழுதி வைத்திருப்பான். அவன் தன் காதலைச் சொன்னதே ஒரு படிவத்தில்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். படிவத்தின் பின்பக்கத்தில்தான் சொன்னான்.

அப்பேர்ப்பட்ட வெண்டல் பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலையில் பெட்டியோடு கூடத்தில் வந்து நின்றான்.

"கொஞ்ச நாள் ட்ரூடி வீட்டுல இருக்கேன், மெர்னா."

ட்ரூடி அவன் தங்கை, இரண்டு தெரு தள்ளி இருப்பவள். "எவ்வளவு நாள்?" என்று மெர்னா கேட்டாள். "தெரியல" என்றான். அவ்வளவுதான். ஒரு தட்டு உடையவில்லை, ஒரு கதவு அறையப்படவில்லை. அவர்கள் வீட்டில் சண்டையே கிடையாது.

அவன் இறங்கிப் போன காலடி வாசற்படிப் பனியில் அச்சாகப் பதிந்திருந்தது. மறுநாள் பனி விழப்போகிறது என்று வானொலியில் சொன்னார்கள். மெர்னா மீன்பெட்டி மூடி ஒன்றைக் கொண்டுபோய் அந்தத் தடத்தின் மேல் கவிழ்த்து வைத்தாள். பதினெட்டு நாள் அது அங்கேயே இருந்தது. தபால்காரர் அதைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டார்.

மார்ச்சில் வரிக்காலம் வந்தது. தன் திருமண நிலையை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மெர்னா வரித்துறையின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். அந்தப் பாட்டு முடிவதற்குள் அவள் ஒரு கம்பளிச் சட்டையைப் பின்னி முடித்து, அளவு சரியில்லை என்று பிரித்து, மறுபடியும் பின்னி முடித்தாள். கடைசியில் ஓர் இளைஞன் குரல் வந்தது.

"மேடம், நீங்களும் உங்க கணவரும் ஒரே வீட்டுலயா இருக்கீங்க?"

"இருந்தோம். இப்ப அவர் தங்கச்சி வீட்டுல இருக்கார்."

"உறவு முறிஞ்சதாலயா?"

"குழாய் ஒழுகறதாலன்னு எழுத ஒரு கட்டம் இருக்கா தம்பி?"

அந்தப் பையன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது தொலைபேசியிலேயே கேட்டது. "இல்லை மேடம். ஆனா ஒண்ணு சொல்றேன். தொடர்ந்து தொண்ணூறு நாள் பிரிஞ்சிருந்தாத்தான் எங்க கணக்குல 'பிரிந்தவர்'. அதுக்குள்ள சேர்ந்துட்டீங்கன்னா எங்ககிட்ட ஒண்ணுமே சொல்ல வேண்டாம். நடக்கவே இல்லைன்னு அர்த்தம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவன் சொன்னான். அவள் மூன்று முறை சொல்லச் சொல்லி, எழுதிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அரசாங்கம் அவளிடம் அன்பாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நாள்காட்டியில் எண்ணிப் பார்த்தாள். தொண்ணூறாம் நாள் மே பன்னிரண்டு. அதற்குள் வெண்டல் வீட்டுக்கு வந்துவிட்டால் இந்தக் குளிர்காலம் நடக்கவே இல்லை. சட்டமே சொல்கிறது!

வரவழைப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை. ஏப்ரல் கடைசியில் அந்த வழியை அவளே அறியாமல் திறந்துவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஒஹாயோக்காரர்களுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். 'நான் அமெரிக்கர் அல்ல, அங்கே வசிக்கவும் இல்லை, ஆகவே என் கூலியில் வரி பிடிக்காதீர்கள்' என்று கையெழுத்திட்டுச் சொல்கிற படிவம். இந்த முறை ரோஷம் வந்து மெர்னா தானே அதைப் பூர்த்தி செய்தாள். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில், கொஞ்சமும் யோசிக்காமல், பாலத்துக்கு அந்தப் பக்கம் கேலஸ் ஊரில் இருக்கும் பார்சல் கடையின் முகவரியை எழுதினாள்.

இந்த ஊரில் பிறந்த யாரும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். அமெரிக்காவிலிருந்து எது வரவழைத்தாலும், செருப்போ சட்டியோ, அக்கரைப் பார்சல் கடையில் ஒரு பெட்டி எண் வைத்து அங்கே இறக்கச் சொல்லி, பெட்ரோல் போடப் போகும்போது எடுத்துவருவதுதான் வழக்கம். அமெரிக்கா என்று யாராவது சொன்னால் மூளையைக் கேட்காமல் கை அந்த முகவரியை எழுதிவிடும்.

ஒஹாயோவிலிருந்து மறுவாரமே பதில் வந்தது. 'தாங்கள் எங்கள் நாட்டில் குடியேறியிருப்பதாக அறிகிறோம், மகிழ்ச்சி. உரிய ஆவணங்கள் வரும்வரை தங்கள் ஊதியத்தில் முப்பது விழுக்காடு பிடித்தம் செய்யப்படும், மீதி நிறுத்தி வைக்கப்படும்.' தலைப்பில் மூன்று ஆச்சரியக்குறி.

வேறு யாராயிருந்தாலும் அழுதிருப்பார்கள். மெர்னா நாற்காலியிலிருந்து துள்ளிய துள்ளலில் அலமாரியில் இருந்த கோப்பைகள் கலகலத்தன. தவறு தெரியாமல் செய்ததுதான். சந்தோஷம் தெரிந்தே பட்டது.

அன்றைக்கே ட்ரூடியின் வண்டியில் இருவரும் பெட்ரோல் போட அக்கரை போய்வந்தார்கள். திரும்பும்போது பாலத்தில் வரிசை. ட்ரூடி காய்ந்த கடற்பாசியைப் பொட்டலத்திலிருந்து கிள்ளிக் கிள்ளி மென்றுகொண்டிருந்தாள்.

"நல்ல வேலை பண்ணினே போ. அமெரிக்காவுக்கே குடிபோயிட்டியா? சொல்லவே இல்ல!"

"கிண்டல் பண்ணாதேடி. அவன்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"எப்படிக் கேக்கறதா? அழாதே, குழையாதே. 'படிவத்துல தப்பு'ன்னு மட்டும் சொல்லு. எங்கண்ணன் வீடு தீப்பிடிச்சாக்கூட மெதுவாத்தான் நடப்பான். தப்பான படிவம்னா செருப்பில்லாம ஓடி வருவான்."

"அங்க என்ன பண்றான்?"

"சாப்பிடறான். தட்டைக் கழுவறான். என் கரண்ட் பில்லையெல்லாம் தேதிவாரியா அடுக்கி வைக்கறான். பதினஞ்சு வருஷத்து பில்லுடி! கடவுளே, அள்ளிட்டுப் போயிடு அவனை."

"என்னைப் பத்தி ஏதாவது?"

ட்ரூடி கடற்பாசியை மென்று விழுங்கினாள். "ஒண்ணும் பேசலடி" என்றாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக.

சுங்கச் சாவடி வந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். "எவ்வளவு நேரம் அந்தப் பக்கம்?"

"இருபது நிமிஷம்" என்றாள் ட்ரூடி.

"என்ன வாங்கினீங்க?"

"பெட்ரோல், பால், வெண்ணெய். இவளுக்கு ஒரு புருஷன் கிடைப்பானான்னும் பார்த்தோம். விலை கட்டுப்படியாகல."

"நல்லவேளை. புருஷனுக்கெல்லாம் வரி ஜாஸ்தி. போங்க, போங்க."

பிப்ரவரிக்குப் பிறகு மெர்னா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்த சிரிப்பில் தைரியம் வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் வெண்டலைக் கூப்பிட்டாள்.

"வெண்டல், படிவத்துல ஒரு தப்பு."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். "எந்தப் படிவம்?"

"ஒஹாயோவுக்கு. நிரந்தர முகவரியில பார்சல் கடையைப் போட்டுட்டேன்."

"ஐயோ மெர்னா!" என்று அவன் வலி தாங்காதவன்போலச் சொன்னான். வியாழக்கிழமை மத்தியானம் வருகிறேன் என்றான். வருமான வரிப் படிவத்தையும் கூடவே முடித்துவிடலாம், கடைசித் தேதியான ஜூன் பதினைந்துவரை இழுக்க வேண்டாம் என்றான்.

வியாழன் எண்பத்தைந்தாம் நாள். ஐந்து நாள் கையில் இருந்தது. மெர்னா வீட்டைத் துடைத்த துடைப்பில் தரை அரை அங்குலம் தேய்ந்தது. ஆற்றோரம் அப்போதுதான் சுருள் சுருளாகப் பெரணிக் கொழுந்து தலைகாட்டியிருந்தது. விடியற்காலை முழங்கால் சேற்றில் நின்று ஒரு கூடை பறித்து வந்தாள். அது வெண்டலுக்கு உயிர். வெண்ணெயில் வதக்கி, மேலே கொஞ்சம் வினிகர் விட்டுக் கொடுத்தால் தட்டையும் தின்றுவிடுவான்.

இரண்டு மணிக்கு வந்தான். வந்து கதவைத் தட்டினான்.

முப்பத்து மூன்று வருஷமாகத் தோளால் இடித்துத் திறந்த கதவு அது. தட்டுகிற சத்தம் கேட்டு மெர்னா ஒரு கணம் யாரோ அந்நியர் என்றுதான் நினைத்தாள். ஓடிப்போய்த் திறந்தாள். முடி வெட்டியிருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். 'உள்ளே வா' என்று சொல்ல வேண்டியிருந்தது.

சமையலறை மேசையில் கணினியைத் திறந்தார்கள். வழக்கமாக அவன்தான் அதன் முன்னால் உட்காருவான். இன்றைக்கு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நீ அடி. நான் சொல்றேன்."

"எதுக்கு? நீயே அடிச்சா சீக்கிரம் முடியுமே."

"நீ கத்துக்கணும் மெர்னா."

அது அவளுக்கு என்னவோ செய்தது. ஆனாலும் அடித்தாள். "நிரந்தர முகவரின்னு கேட்டா நீ தூங்கற இடம். உன் பார்சல் தூங்கற இடமில்ல" என்றான் வெண்டல். அவள் சிரித்தாள், அவனும் கொஞ்சம் சிரித்தான். கையெழுத்து, தேதி, ஒஹாயோவுக்கு இரண்டு வரி மன்னிப்புக் கடிதம் எல்லாம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. எதையும் அவசரப்படுத்தாமல், ஏன் எதற்கு என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். இவ்வளவு நல்ல மனிதனை எந்தச் சட்டம் பிரித்து வைக்கும் என்று மெர்னாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பிறகு வருமான வரி. பெயர், பிறந்த தேதி, மாகாணம். நான்காவது கட்டம்: டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி அன்று தங்கள் திருமண நிலை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.

இந்தக் கட்டத்தைப் பார்த்து மெர்னா பயப்படவே இல்லை. போன டிசம்பர் முப்பத்தொன்று அன்று வெண்டல் இந்த வீட்டில்தான் இருந்தான். பெட்டியை எடுத்தது பிப்ரவரியில். பெருமையாக 'மணமானவர்' என்பதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள்.

"பொறு" என்றான் வெண்டல்.

"என்ன?"

"அது இல்ல."

"பின்னே எது? டிசம்பர்ல இங்கதானே இருந்தே?"

"கீழ இருந்தேன்."

கீழே என்றால் நிலவறை. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து அறை. முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபரில் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவன் அங்கே இறங்கிப் போயிருந்தான்.

"அது குறட்டைக்காகத்தானே!" என்றாள் மெர்னா. "நீ குறட்டை விடறேன்னு நான் தூங்க முடியாம..."

"நான் அதுக்காகப் போகல."

"ஒரே வீட்டுலதானே வெண்டல் இருந்தோம்? ஒரே மேசையில சாப்பிட்டோம்!"

"ஒரே கூரைக்குக் கீழ இருந்தாலும் தனித்தனின்னா தனித்தனிதான். அப்படியும் உண்டு, சட்டத்துல." அவன் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "'பிரிந்தவர்'னு போட்டா அடுத்து தேதி கேக்கும். அக்டோபர் இருபது."

தான் எண்ணிக்கொண்டிருந்த எண்பத்தைந்து நாளை மெர்னா மனசுக்குள் ஒருமுறை பார்த்தாள். ஒவ்வொன்றாக நாள்காட்டியில் பென்சிலால் கோடு போட்டது. அவள் எண்ணத் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே அந்தத் தொண்ணூறு முடிந்துபோயிருந்தது.

"நீ சொல்லவே இல்லையே" என்றாள்.

"சொன்னேன் மெர்னா. மெத்தையோட அந்த வாசல்ல நின்னு சொன்னேன். நீ இங்க உக்காந்திருந்தே. அந்தக் கால்வாய்ப் புஸ்தகம், ரெண்டு நாள்ல அனுப்பணும்னு தவிச்சியே, அது."

"என்ன சொன்னே?"

"இப்ப எதுக்கு அது."

"சொல்லு. என்ன சொன்னியோ அதே சொல்லு."

வெண்டல் கைகளைக் கோத்து மேசைமேல் வைத்தான். "'மெர்னா, இனிமே உன் புருஷனா என்னால இருக்க முடியும்னு தோணல. நான் கீழ போறேன்'னு சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'நீலக் கம்பளியை எடுத்துட்டுப் போ, கீழ குளிரும்'னு சொன்னே."

எழுநூறு பக்கத்தில் ஒரே ஒரு முறை இருமிய மைத்துனனைக் கண்டுபிடித்தவள் மெர்னா. அதே மேசை, அதே நாற்காலி, நாலடி தூரத்தில் சொன்ன ஒரு வரி. எவ்வளவு துழாவினாலும் அது அவளிடம் இல்லை. நீலக் கம்பளி மட்டும் ஞாபகம் இருந்தது. அதை அன்போடுதான் சொன்னாள், அதுவும் ஞாபகம் இருந்தது.

"அதைத்தான் உன் பதில்னு நினைச்சேன்" என்றான் வெண்டல். "அப்புறம் இல்ல, நீ கேக்கலைன்னு புரிஞ்சது. என்னைக்காவது ஒரு நாள் நீ கீழ வந்து 'ஏன்டா இங்க இருக்கே'ன்னு கேப்பேன்னு இருந்தேன். துணி துவைக்க வந்தே. துணியை எடுத்துட்டுப் போனே."

"போன வருஷப் படிவத்தை நீதானே போட்டே? அதுல 'மணமானவர்'னு போட்டியே?"

"போட்டேன். இத்தனை வருஷத்துல தெரிஞ்சே நான் தப்பா நிரப்பினது அது ஒண்ணுதான். அப்ப எனக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது."

மெர்னா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ஏன் வெண்டல்? இப்பக் கேக்கறேன். ஏன்?"

அவன் சொல்லத் தொடங்கினான். முதலில் வார்த்தை வரவில்லை, பிறகு நின்றபாடில்லை. அவன் அவ்வளவு பேசி அந்த வீட்டுச் சுவர்களே கேட்டதில்லை. பெரிதாக ஒன்றுமில்லை. பேசினதுக்கெல்லாம் 'ம்' என்று வந்ததைச் சொன்னான். ஒருநாள் சோதித்துப் பார்க்க, சமையலறையில் காட்டுமான் நிற்கிறது என்று சொன்னதையும், அதற்கும் 'ம்' வந்ததையும் சொன்னான். மெர்னாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுதாள். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்த பித்தளை முத்திரையை ஆசையாகக் கொண்டுவந்து அவள் முழங்கைப் பக்கத்தில் வைத்ததைச் சொன்னான்.

"அதை எடுத்து உன் தாளுக்கெல்லாம் பாரமா வச்சே. இன்னும் அங்கதான் இருக்கு. அதுல என்ன செதுக்கியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

மெர்னா எழுந்தாள். எழுதும் மேசையைப் பார்த்து இரண்டு அடி வைத்தாள்.

"வேண்டாம்" என்றான் வெண்டல். "இப்பப் படிக்காதே. என் முன்னால படிக்காதே."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒரு சொல் விடாமல் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்கக் கேட்க இருவருக்கும் ஒன்று புரிந்துகொண்டே வந்தது. இந்தக் கேள்வியை அந்த அக்டோபரில் கேட்டிருந்தால் அவன் மெத்தையை அங்கேயே போட்டிருப்பான். இப்போது அவன் கோபமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. கோபத்தோடு சேர்ந்து மற்றதும்.

அவன் பேசி ஓய்ந்தபோது வெயில் மேசையை விட்டு இறங்கியிருந்தது. கட்டம் இன்னும் காலியாகக் காத்திருந்தது.

"இதோ பார்" என்றான் மெதுவாக. "என்னோட படிவத்தை நான் இன்னும் அனுப்பல. ரெண்டுலயும் ஒரே தேதி இருக்கணும், அவ்வளவுதான். வேணும்னா உன் தேதியே இருக்கட்டும். பிப்ரவரி பதினொண்ணு. அப்ப இந்தக் கட்டத்துல 'மணமானவர்'னே போடலாம். நானும் அதையே போட்டுக்கறேன். பழசைத் திருத்தற தொல்லையும் இல்ல."

"பிப்ரவரின்னா இன்னும் அஞ்சு நாள் இருக்கு" என்றாள் மெர்னா.

"இருக்கு."

"அஞ்சு நாளுக்குள்ள வந்துடுவியா?"

இந்தக் கேள்விக்கும் அவன் நேர்மையாகவே யோசித்தான். அவன் யோசித்த அளவுக்கு எந்த அரசாங்கமும் யாரையும் காக்க வைத்ததில்லை.

"இல்ல, மெர்னா."

அவள் தலையை ஆட்டினாள். பிப்ரவரி என்று போட்டால் ஒரு வருஷமும் நான்கு மாதமும் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். அவள் கல்யாணமானவளாக, சந்தோஷமாக இருந்த மாதங்கள். அவன் தாராளமாகக் கொடுக்கத் தயாராக இருந்தான். ஆனால் ஒருத்தன் கீழே தனியாக உட்கார்ந்து காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த மாதங்களும் அவைதான். அதையும் இல்லை என்று எழுத வேண்டிவரும்.

மெர்னா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். 'பிரிந்தவர்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். தேதி கேட்டது. அக்டோபர் இருபது என்று அவளே அடித்தாள். வருஷத்தையும் அடித்தாள். கை உதறவில்லை.

"சரியா இருக்கா பாரு" என்றாள்.

அவன் பார்த்தான். "சரியா இருக்கு."

முந்தின வருஷத்துப் படிவத்தையும் சேர்ந்தே திருத்தினார்கள். கிளம்பும்போது வெண்டல் பெரணிக் கொழுந்துக் கூடையைப் பார்த்துவிட்டான். மெர்னா அதை அப்படியே ஒரு பையில் கொட்டி, "ட்ரூடிகிட்டக் கொடு. நல்லா கொதிக்க வச்சுத் தண்ணியைக் கொட்டிட்டு வதக்கச் சொல்லு. அவ அவசரக்காரி" என்றாள். அவன் வாங்கிக்கொண்டு படியிறங்கினான்.

ஆகஸ்டில் வரித்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மெர்னா அதைத் தன் தொழில் வழக்கப்படி விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். குறைந்த வருமானக்காரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசாங்கம் ஒரு தொகை கொடுப்பது உண்டு. வெண்டலின் ஓய்வூதியத்தோடு சேர்த்துப் பார்த்ததால் இதுவரை அவளுக்கு அது கிடைத்ததில்லை. இப்போது திருத்திய தேதிப்படி மறுபடியும் கணக்குப் பார்த்து, தனியாக வாழ்ந்த காலம் முழுவதற்கும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். தவணை தவணையாகப் பிரித்து, மாதம் போட்டு, எதிரே தொகை போட்டு, ஒரு பிழை இல்லாமல்.

முதல் வரி போன வருஷத்து ஜனவரி.

அந்த ஜனவரி அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உறைமழை பெய்து மின்கம்பங்களெல்லாம் சாய்ந்து, ஊரே மூன்று நாள் இருண்டு கிடந்தது. நிலவறை விறைத்துப்போனதால் வெண்டல் மேலே வந்துவிட்டான். இருவரும் விறகடுப்பின் முன்னால் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து, சட்டியிலிருந்தே வெல்லப்பாகு போட்ட மொச்சையைத் தின்றுகொண்டு, மூன்று நாளும் சீட்டாடினார்கள். அவள் பதிமூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தாள். ஜெயிக்கும்போதெல்லாம் அவன் அவளையே பார்த்துக்கொண்டு எதற்கோ காத்திருப்பதுபோல இருந்தான். அடுத்த சீட்டுக்கு என்று நினைத்துக்கொண்டு, "போடு, போடு" என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று அப்போது நினைத்ததும் ஞாபகம் இருந்தது.

அந்த வரியில் அவள் விரல் வெகுநேரம் நின்றது. ஜனவரி, தனியாக வாழ்பவர், நூற்றுப் பதினெட்டு டாலர்.